பதில்: ஹைலக்ஸை 4 அங்குலம் உயர்த்தியதும் ஸ்டேரிங் அலைகிறது

தம்பி, உங்கள் ஹைலக்ஸ் பிக்கப்பை 4 அங்குலம் உயர்த்திய பிறகு காராக் நெடுஞ்சாலையில் வண்டி நேராக நிற்பதில்லை, வளைவில் திருப்பினால் ஸ்டேரிங் தானாகத் திரும்பி வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டயர் பேலன்ஸ் செய்து இது தீராது. முன்பக்கத்தை இவ்வளவு தூக்கினால் காஸ்டர் கோணம், அதாவது பக்கத்திலிருந்து பார்த்தால் முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, குறைந்துவிடும். ஸ்டேரிங்கை நேராக்குவதே அந்தக் கோணம்தான்.

அலைன்மென்ட் கடையில் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் ஓகே பாஸ்" என்று வாயால் சொன்னால் போதாது. காஸ்டர் எண் கம்பெனி அளவுக்கு எட்டவில்லை என்றால், மேல் கண்ட்ரோல் ஆர்மை (முன்சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கையை) மாற்ற வேண்டியிருக்கும். அல்லது 2 அங்குலத்துக்கு இறக்கிவிடுங்கள். நான் இதைத்தான் செய்வேன். சேற்றில் போக 2 அங்குலமும் நல்ல டயரும் போதும். உயரம் கூடக்கூட ஈர்ப்பு மையமும் மேலே போகிறது. காராக் நெடுஞ்சாலையின் கெந்திங் செம்பா இறக்கத்தில், அதுவும் மழையில், திடீரென ஒடித்தால் கவிழும் ஆபத்து அதிகம்.

அப்புறம், முன் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையில் கிரீஸ் கசிகிறதா, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தையும் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தியதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, காப்புறுதி இரண்டையும் இந்த வாரமே விசாரியுங்கள்.