மூன்று பொருளுக்கும் கூடுதல் வாரண்டி எடுக்கலாமா?

கேள்வி: ஏ.சி. 42,000, ஃபிரிட்ஜ் 30,000, வாஷிங் மெஷின் 18,000 ரூபாய்க்கு வாங்குகிறோம். இன்னும் 9,000 கட்டினால் மூன்றுக்கும் 3 வருடக் கூடுதல் வாரண்டி என்கிறார்கள். கட்டலாமா, அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: மூன்றுக்கும் சேர்த்துக் கட்டாதீர்கள். ஏ.சி.க்கு மட்டும் யோசிக்கலாம், அதுவும் விதிமுறைத் தாளைக் கையில் வாங்கிப் படித்த பிறகு.

‘கம்ப்ரஸருக்கு 10 வருடம்’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. அது பெரும்பாலும் அந்தப் பாகத்துக்கு மட்டும்தான். கூலி, கேஸ், வண்டி வாடகை உங்கள் தலையில் விழலாம். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் செலவு வைப்பவை வெளி யூனிட்டின் எலக்ட்ரானிக் போர்டும், கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான காயிலின் கசிவும். உங்கள் ஊர் உப்புக்காற்று காயிலை அரித்துவிடும். கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால், கொடுத்த பணம் சில வாரங்களில் காற்றோடு போய்விடும். எனவே தாளில் போர்டு, காயில், கேஸ் மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘துரு, அரிப்பு நீங்கலாக’ என்று ஒரு வரி இருந்தால், கடலோரத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தத் திட்டம் வேண்டவே வேண்டாம். மின்னழுத்த ஏற்ற இறக்கம், எலி கடித்த வயர் ஆகியவையும் பல திட்டங்களில் வெளியே நிற்கும். வாரண்டி தருவது தயாரிப்பு நிறுவனமா, வேறு நிறுவனமா? சரிசெய்ய முடியாமல் போனால் பொருளின் விலையில் தேய்மானம் கழித்துத் தருவார்களா? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் கேளுங்கள்.

ஃபிரிட்ஜில் தளர்வது கதவு ரப்பர். அதைப் பல திட்டங்கள் சேர்ப்பதே இல்லை. வாஷிங் மெஷினில் தண்ணீர் உள்ளே வரும் வால்வும் வெளியேற்றும் பம்பும் போகும். இவை கைப்பணத்தில் முடிகிற வேலைகள்.

வீட்டில் திடீர்ச் செலவு வைப்பவற்றில் பாதி இந்தக் கடை விற்காத பொருட்கள்: போர் மோட்டார், கீசர் காயில், இன்வெர்ட்டர் பேட்டரி. கிணற்றில் தண்ணீர் இறங்கியது தெரியாமல் ஓடினால் மோட்டார் எரிந்து வைண்டிங் செலவு வரும். கீசருக்குள் இருக்கும் மக்னீசியம் கம்பி கரைந்து தீர்ந்தபின் உப்புத் தண்ணீர் டேங்கையே அரிக்கத் தொடங்கும். வருடம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றுங்கள். இதற்கெல்லாம் கைகொடுப்பது சேமிப்புதான்.

அந்த 9,000-ஐ முதலில் போட்டு, மாதம் 1,000 சேர்த்தால் 2 வருடத்தில் வட்டி இல்லாமலே 33,000 ஆகிவிடும். அஞ்சலக ஆர்.டி. இதற்கு ஒத்துவராது, 3 வருடத்துக்கு முன் அதை முடிக்க முடியாது. வங்கியில் 5,000, 5,000-ஆகத் தனித்தனி வைப்புகளாகப் போடுங்கள். தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

கேள்வி: ஃபிளாட் சாவி வாங்கி 2 வருடம் ஆகிறது. குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் ஈரம் பூத்து பெயிண்ட் உரிகிறது. ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது என்கிறார் பில்டர். நாங்களே செலவு செய்ய வேண்டியதுதானா?
– வாசகர், சென்னை

பதில்: சேமிப்பில் கை வைக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் தெரிவித்தால், 30 நாளுக்குள் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். பில்டர் தன் தாளில் போட்டுக்கொண்ட ஒரு வருடம் இந்தப் பொறுப்பைக் குறைக்காது.

முதலில் காரணத்தைப் பிடியுங்கள். தரை வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள். மறுபக்க ஈரம் பரவினால் வாட்டர்புரூஃபிங் கோளாறு. தரை காய்ந்திருக்கும்போதும் ஈரம் குறையவில்லை என்றால் சுவருக்குள் இருக்கும் குழாய் இணைப்பைச் சந்தேகிக்கலாம். முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுத்து, மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் பில்டருக்கு அனுப்புங்கள். 30 நாளில் வேலை நடக்காவிட்டால், அந்தக் கடித நகலோடு தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுங்கள். அதுவரை சுவரை உடைக்கவோ பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம். ஆதாரம் அதில்தான் இருக்கிறது.