சைனஸ் லிஃப்ட் செய்து வைக்கும் பல் நிலைக்குமா?

கேள்வி: எனக்கு 54 வயது. மேல்தாடையில் வலது பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்து ஏழு வருடம் ஆகிறது. இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்கப் போனால், எலும்பு போதாது, சைனஸ் லிஃப்ட் செய்து எலும்புத் தூள் வைக்க வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. இவ்வளவு செய்தும் பல் நிலைக்குமா? சைனஸ் கெட்டுப்போகுமா?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே நிலைக்கிறது. மேல்தாடைக்கு மேலே இருக்கும் சைனஸின் தரையை உயர்த்தி, அந்த இடத்தில் எலும்பு சேர்ப்பதுதான் சைனஸ் லிஃப்ட். 1970-களிலிருந்து செய்துவரும் சிகிச்சை இது. இப்படி எலும்பு சேர்த்து வைத்த இம்ப்ளான்ட்களில் 100-க்கு 90-க்கு மேல் சில ஆண்டுகள் கழித்தும் உறுதியாக இருக்கின்றன. ஆனால் அது பொதுக்கணக்கு. உங்கள் கணக்கு, உங்கள் சொந்த எலும்பு எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சியிருக்கிறது என்பதில் இருக்கிறது.

பல் போனதும் அதைத் தாங்கிய எலும்பு வேலையில்லாமல் கரைகிறது. மேலே இருக்கும் சைனஸ் என்ற காற்றறையும் கீழ்நோக்கி விரிகிறது. ஏழு வருடத்தில் உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கும். சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் 5 மி.மீ.க்கு மேல் எலும்பு உயரம் தெரிந்தால், இம்ப்ளான்ட்டுக்குப் போடும் துளை வழியாகவே சைனஸ் தரையைச் சற்று உயர்த்தி, அன்றைக்கே இம்ப்ளான்ட்டையும் வைத்துவிடலாம். மிகவும் குறைவு என்றால் பக்கவாட்டில் சின்ன ஜன்னல் திறந்து எலும்புத் தூள் நிரப்பி, ஆறு மாதமோ அதற்கு மேலோ காத்திருந்துதான் இம்ப்ளான்ட். தூள் உங்கள் எலும்பாக மாற அவ்வளவு காலம் வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

சைனஸின் உள்சவ்வு, முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் தோல் போல மெல்லியது. அதை எலும்பிலிருந்து கிழியாமல் பிரித்து எடுப்பதுதான் இந்த அறுவையில் நுணுக்கமான கட்டம். கிழிவது அபூர்வமும் இல்லை. சின்னக் கிழிசல் என்றால் கொலாஜன் படலம் வைத்து மூடிவிட்டு வேலையைத் தொடரலாம். பெரிதாகக் கிழிந்தால் நிறுத்திவிட்டு, சில மாதம் ஆறவிட்டு மறுபடி செய்வதுதான் சரி. அப்படி நிறுத்துகிற மருத்துவர் மேல் கோபப்படாதீர்கள், அவர் உங்கள் சைனஸைக் காப்பாற்றுகிறார்.

சர்க்கரை தடையில்லை, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான் தடை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7-ஐ ஒட்டி இருந்தால் தைரியமாகப் போகலாம். 9, 10 என்று இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். புகைப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், வைத்த எலும்பு பிடிக்காமல் போவதற்கு அது பெரிய காரணம். எலும்புத் தேய்மானத்துக்கு (ஆஸ்டியோபொரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சைனஸில் சளித் தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்திய பிறகே கத்தி.

அறுவைக்கு அப்புறம், முதல் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ட்ரா வேண்டாம். விமானப் பயணம் மருத்துவர் சரி சொன்ன பிறகுதான். கன்னம் வீங்குவது, கண்ணுக்குக் கீழே கன்றுவது, ஓரிரு நாள் மூக்கில் லேசாக ரத்தம் கசிவது எல்லாம் சகஜம். வலி குறைவதற்குப் பதில் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அந்தப் பக்க மூக்கில் நாற்றமடிக்கும் சளி வந்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள்.

சம்மதம் சொல்வதற்கு முன் ஒன்று கேளுங்கள். எலும்பு உயரம் 6 மி.மீ.யைத் தாண்டினால், லிஃப்ட் இல்லாமலே குட்டையான இம்ப்ளான்ட் வைக்க வாய்ப்புண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று ஸ்கேனைக் காட்டியே விளக்கச் சொல்லுங்கள்.