எரிபொருள் கலம் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, உங்கள் கடிதத்தில் இருக்கும் கவலை நியாயமானதுதான். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கும் மகள், ஒரகடத்துக் கார் தொழிற்சாலைகளை விட்டுவிட்டு, எரிபொருள் கலத்தையும் (எரிபொருளை எரிக்காமல் வேதிவினை மூலம் நேரடியாக மின்சாரமாக்கும் கருவி) டர்பைன் போன்ற வெப்ப எந்திரத்தையும் இணைக்கும் ஆய்வு என்று கிளம்பினால் எந்தத் தந்தைக்கும் வயிற்றைக் கலக்கும். அந்தப் பெயரில் சென்னையில் வேலை தேடினால் அநேகமாக ஏமாற்றமே மிஞ்சும். ஆனாலும் மகளைத் தடுக்காதீர்கள்.

பீங்கானால் ஆன திட ஆக்சைடு எரிபொருள் கலம் 600 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் இயங்குவது. வெளியேறும் கொதிவாயுவை வீணாக்காமல் டர்பைனைச் சுழற்ற விடுவதுதான் கூட்டு அமைப்பு. கலிபோர்னியாவின் இர்வைனில் 2000-ஆம் ஆண்டையொட்டிச் சோதித்த 220 கிலோவாட் அமைப்பு சுமார் 53 சதவீதப் பயனுறுதிறனை எட்டியது; அதாவது எரிபொருளின் ஆற்றலில் அவ்வளவு மின்சாரமானது.

சிக்கல் இணைப்பில்தான். கலத்திலிருந்து மின்னோட்டத்தை அதிகமாக இழுத்தால் மின்னழுத்தம் சரிகிறது. மின்திறன் உச்சம் தொடும் இடத்தில் பயனுறுதிறன் ஏற்கெனவே இறங்கியிருக்கும். எரிபொருள் முழுவதையும் கலமே தீர்த்துவிட்டால் டர்பைனுக்குச் சூடு போதாது. மிச்சம் விட்டால், கலத்தில் மின்சாரமாகியிருக்க வேண்டிய எரிபொருளை வெறுமனே எரித்துத் தீர்க்கிறோம். டர்பைன் நொடிகளில் வேகம் மாற்றும், பீங்கான் கலமோ சட்டென்று சூடு மாறினால் விரிசல் விடும். ஒத்துப்போகாத மாமியாரையும் மருமகளையும் ஒரே சமையலறையில் வைத்துக் குடும்பம் நடத்துகிற வேலை!

இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவருக்கு மின் நிலையம், குளிர்சாதனம், மின்வாகன பேட்டரியின் வெப்ப மேலாண்மை என எங்கும் இடமுண்டு. ஆகவே வெப்ப இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், கட்டுப்பாட்டுப் பொறியியல் மூன்றிலும் அவர் ஊன்றட்டும். மின்வேதியியல் பிளஸ் டூ அளவோடு நின்றிருக்கும். அதைத் தனியே படிக்க வேண்டும். தயார் மென்பொருளில் பொத்தான் அழுத்துவது போதாது, பைத்தான் நிரல்மொழியில் சொந்தமாகக் கணினி மாதிரி எழுதச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் துருவுவது அதைத்தான்.

சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவில், மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான ஏ.ஆர்.சி.ஐ.யின் எரிபொருள் கல மையம் இருக்கிறது. ஆனால் அங்கு முக்கியமாக நடப்பது பாலிமர் சவ்வு வகை ஆய்வு. அந்த வகை இயங்கும் சுமார் 80 டிகிரிச் சூட்டில் டர்பைன் சுழலாது. இது தெரியாமல் இன்டர்ன்ஷிப் கேட்கப் போகக் கூடாது. எரிதல் பக்கத்துக்கு ஐஐடியிலேயே தேசிய எரிதல் ஆய்வு மையம் உண்டு.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கேட் தேர்வு எழுதி அரசு நிறுவனத்தில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன் வழிகாட்டும் பேராசிரியரிடம் ஒன்றை மட்டும் அவர் கேட்கட்டும்: மாதிரியின் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சோதனைத் தரவு எங்கிருந்து வரும்? பதில் இல்லையென்றால் தலைப்பை மாற்றுவது நல்லது.