சாம்பலிலிருந்து சாம்பல்சத்து

கேள்வி: எங்கள் அடுப்பில் தேங்காய் மட்டையும் பருத்திமாரும்தான் எரிகின்றன. சாக்குச் சாக்காகச் சாம்பல் சேர்கிறது. பொட்டாஷ் உரத்துக்குப் பதிலாக இதை வாழைக்குக் கொடுக்கலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கொடுக்கலாம். பொட்டாசியத்துக்குச் சாம்பல்சத்து என்று பேர் வந்ததே இதனால்தான். எரியும்போது தழைச்சத்து (நைட்ரஜன்) புகையோடு போய்விடும். மிஞ்சுவதில் பொட்டாசியத்தின் பெரும்பகுதி தண்ணீரில் கரையும்; மணிச்சத்து (பாஸ்பரஸ்), சுண்ணாம்பு, மக்னீசியம் அடியில் தங்கிவிடும். அதனால், ஒரு மழையில் நனைந்த சாம்பல் குவியலை நம்பாதீர்கள். அதன் சத்து அங்கேயே மண்ணில் இறங்கியிருக்கும். கங்கு முழுக்க அணைந்து ஆறியதும் அள்ளி, நனையாத இடத்தில் மூடி வையுங்கள்.

வெளுத்த சாம்பல் நிறத்தில், மாவு போல இருப்பதுதான் நல்ல சாம்பல். கறுப்பாக இருந்தால் சரியாக எரியவில்லை. அதைத் தண்ணீரில் கலக்கி வடிக்கும் சாறு தேநீர் நிறத்தில் வரும். கண்ணாடிக் கட்டி போல இறுகியிருந்தால் சூடு மீறிவிட்டது என்று அர்த்தம். பொட்டாசியம் மணற்சத்தோடு (சிலிக்கா) உருகிச் சேர்ந்துவிடும், தண்ணீருக்கு வராது. பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த மரம் எரிந்த சாம்பல் வேண்டவே வேண்டாம்.

சலித்த சாம்பல் 1 கிலோவைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு 5 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சாம்பலின் காரம் (அல்கலி) அதை அரித்துவிடும். அன்றைக்கு நாலைந்து முறை கலக்கி, இரவு தெளிய விட்டு, மேல் தண்ணீரை இரண்டாக மடித்த பருத்தித் துணியில் வடியுங்கள். அடிவண்டலில் இன்னும் 3 லிட்டர் ஊற்றி இன்னொரு முறை வடியுங்கள். சாறு சோப்புத் தண்ணீர் போல வழவழக்கும். கையுறை போடுங்கள், கண்ணில் தெறிக்க விடாதீர்கள். இதைக் காய்ச்சி உப்பாக எடுக்க விறகு செலவழிப்பது வீண்.

1 லிட்டர் சாற்றுக்கு 10 லிட்டர் தண்ணீர் கலந்து, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஈர மண்ணில் ஊற்றுங்கள். இலையில் தெளித்தால் கருகும். சொட்டுநீர்க் குழாயில் விட்டால், உப்புத் தண்ணீர்க் கிணறாக இருந்தால் சுண்ணாம்பு படிந்து துளை அடைக்கும்.

அளவுக்குச் சாம்பலைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சாம்பல்சத்து 20 சதவீதம் என்று வந்தால் 1 கிலோவில் 200 கிராம் இருக்கும். வடித்த சாற்றில் அதில் பாதி, அதாவது 100 கிராம் மட்டும் வந்ததாகக் கணக்கில் வையுங்கள். தோட்டக்கால் வாழைக்கு (நேந்திரன் தவிர) சிபாரிசு மரத்துக்கு 330 கிராம் சாம்பல்சத்து. மீதிக்குப் பொட்டாஷ் வேண்டியிருக்கும். மண்ணின் பி.எச். (கார-அமில அளவு) 8-ஐத் தாண்டினால் சாம்பலும் வேண்டாம், சாறும் வேண்டாம். கோவைப் பக்கத்து மண் பல இடங்களில் ஏற்கெனவே காரம்தான், எனவே மண்ணையும் பரிசோதியுங்கள்.

கேள்வி: ரைஸ்மில் உமிச்சாம்பலிலும் இப்படி எடுக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பயனில்லை. அதில் 85 முதல் 95 சதவீதம் மணற்சத்து. சாம்பல்சத்து சொற்பம்.

கேள்வி: யூரியாவோடு சாம்பலைக் கலந்து தூவலாமா? (வாசகர், தேனி)

பதில்: கூடாது. காரம் பட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். சூப்பர் பாஸ்பேட்டோடும் வேண்டாம், கரையும் மணிச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து கரையாமல் போகும். சாம்பலுக்கும் இந்த உரங்களுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.