அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் எதிர்த்துப் போராடவே இல்லையா?

நிறையவே போராடினார்கள். வேலையை வேண்டுமென்றே இழுத்தடிப்பது, கருவிகளை உடைப்பது, தப்பி ஓடுவது எல்லாமே எதிர்ப்புதான். ஆனால் பிரேசிலின் பல்மாரிஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பியவர்கள் 17ஆம் நூற்றாண்டில் மலைக்காட்டுக்குள் ஊர்களை அமைத்து, மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிட்டு, டச்சு, போர்ச்சுகீசியப் படைகளைப் பல முறை எதிர்த்து நின்றார்கள்.

1678இல் அவர்களின் தலைவர் கங்கா ஸும்பா போர்ச்சுகீசியருடன் சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டார். பல்மாரிஸில் பிறந்தவர்களுக்கு விடுதலை, தப்பி வந்தவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவருடைய தளபதி ஸும்பி அதை ஏற்கவில்லை. கூட இருந்தவர்களைப் பிடித்துக் கொடுத்து வாங்குவது என்ன விடுதலை? அவர் தலைமையில் போர் தொடர்ந்தது. 1694இல் தலைநகர் வீழ்ந்தது. 1695 நவம்பர் 20 அன்று அவரைக் கொன்று, தலையை ரெசிஃபி நகரில் பொது இடத்தில் வைத்தார்கள். பிரேசிலில் அடிமைமுறை ஒழிய 1888 ஆனது. அப்புறம், நவம்பர் 20 இப்போது அங்கே தேசிய விடுமுறை.