போர்ட் லூயியில் வெள்ளம், காத்ரு போர்னில் வறண்ட குழாய்: ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். மொரிஷியஸ் தீவின் காத்ரு போர்னில் நாங்கள் ஆறு பேர் குடும்பம்; மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் தலைநகர் போர்ட் லூயியில் பெய்த மழையில் தெருவெல்லாம் ஆறாக ஓடியது. என் கணவர் வேலையிலிருந்து வீடு வந்து சேரவே இரவாகிவிட்டது. ஆனால் எங்கள் குழாயில் காலையில் மூன்று மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. வறட்சி நீங்கவில்லை என்று வானொலியில் சொல்கிறார்கள். இவ்வளவு மழைக்குப் பிறகும் ஏன் இந்த நிலை? வானிலை முன்கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்? கூரையில் 1,000 லிட்டர் தொட்டி இருக்கிறது, அது போதுமா? பின்கட்டில் வைத்திருக்கும் தக்காளி, கத்தரி, கீரையைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: அம்மா, உங்கள் கணவர் நனைந்த மழையும் உண்மை, வானொலி சொன்னதும் உண்மை. மழை விழுந்த இடம் வேறு, உங்கள் குழாய்க்குத் தண்ணீர் புறப்படும் இடம் வேறு.

தென்கிழக்கிலிருந்து வீசும் கடல்காற்று கியூர்பிப் மேட்டில் ஏறும்போதுதான் தன் ஈரத்தை இறக்குகிறது. தீவின் நடு மேட்டில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் வரை பெய்கிறது. மலைக்கு அப்பால் மேற்குக் கரையில் 1,000 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. போர்ட் லூயியும் அந்த மழை மறைவில்தான் இருக்கிறது. நம் கோடையில், அதாவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அங்கே பெய்வது பெரும்பாலும் பிற்பகல் இடிமழை. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். மலைச் சரிவில் இறங்கும் வெள்ளம் தெருக்களில் பாய்ந்து துறைமுகத்தில் போய் விழும். 2013 மார்ச் 30 அன்று 11 உயிர்களைக் கொண்டுபோனதும் இப்படிப்பட்ட மழைதான். அதில் ஒரு குடம்கூட உங்கள் பக்கத்து நீர்த்தேக்கத்தில் சேராது.

உங்கள் பகுதிக்கான தண்ணீர் பெரும்பாலும் மார் ஓ வாக்குவாவிலிருந்தும் மேட்டு நிலத்து ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் வருகிறது. 1885-இல் கட்டப்பட்ட அந்த நீர்த்தேக்கம்தான் தீவிலேயே பெரியது. கொள்ளளவு ஏறக்குறைய 2.6 கோடி கன மீட்டர். வறண்ட ஆண்டில் அதன் ஓரத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, விளிம்புகள் அப்பளம்போல் மேலே சுருண்டிருக்கும். அதன்மேல் பெய்யும் முதல் மழை அந்த வெடிப்புகளுக்கே சரியாகிவிடும். சுற்றியுள்ள காட்டு மண் ஊறி, ஓடைகள் ஓடத் தொடங்கிய பிறகுதான் மட்டம் ஏறும். அதற்கு மேட்டில் நாள்கணக்கில் அடைமழை பிடிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1,865 சதுர கிலோமீட்டர் உள்ள இந்தத் தீவில் ஆண்டுக்குச் சராசரி 2,000 மில்லிமீட்டர் மழை என்றால், வானம் நமக்குத் தருவது ஏறக்குறைய 370 கோடி கன மீட்டர். அதில் 60 விழுக்காடு ஆறுகளில் ஓடிவிடுகிறது, 30 விழுக்காடு ஆவியாகிறது, 10 விழுக்காடுதான் நிலத்துக்குள் இறங்குகிறது. மார் ஓ வாக்குவா, மிட்லண்ட்ஸ், பகடெல், லா நிக்கோலியேர் என்று எல்லா நீர்த்தேக்கங்களும் ததும்ப நிரம்பினாலும் மொத்தம் 9 கோடி கன மீட்டர்தான், அதாவது நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. ஒரே நாளில் கொட்டும் மழையைப் பிடித்துவைக்க நம்மிடம் பாத்திரம் இல்லை. குடிநீரில் ஏறக்குறைய பாதி நிலத்தடியிலிருந்து வருகிறது. அதை நிரப்புவது மெல்லப் பெய்யும் மழைதான். ஜூலை, ஆகஸ்டில் கியூர்பிப்பில் ஓயாமல் விழும் தூறலைப் பலரும் சலித்துக்கொள்கிறார்கள். நான் அதைச் சலித்துக்கொள்ள மாட்டேன். குழாய்களில் செலுத்தும் தண்ணீரில் பாதியளவு கசிவிலும் கணக்கில் வராமலும் போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது வானத்தின் குற்றமல்ல. அதைச் சரிசெய்யாமல் மக்களை மட்டும் சிக்கனமாக இருக்கச் சொல்வது நியாயமும் அல்ல.

வறட்சி நீங்கவில்லை என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரு நல்ல மழையில் மேல்மண்ணின் வறட்சி தீர்ந்துவிடும். உங்கள் கத்தரிச் செடி மறுநாளே நிமிர்ந்துவிடும். நீர்த்தேக்கத்துக்கு வாரங்கள் ஆகும், நிலத்தடிக்கு மாதங்கள் ஆகும். இவற்றுள் எது வறண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அடி விழும் இடமும் மாறும். 1999 வறட்சியில் கரும்பு அடிவாங்கி, சர்க்கரை உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது.

அடுத்தது முன்கணிப்பு. நம் மழையில் மூன்றில் இரண்டு பங்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெய்கிறது; மிகவும் காய்ந்த மாதம் அக்டோபர். முன்பெல்லாம் நவம்பரில் தொடங்கிய கோடைமழை, இப்போது டிசம்பர் கடைசி வரை தள்ளிப்போவதை வானிலைத் துறையே பதிவு செய்திருக்கிறது. ஆகவே பழைய நாட்காட்டியை நம்பி நவம்பருக்காகக் காத்திருக்காதீர்கள். கோடை தொடங்குமுன் வாக்குவாவில் உள்ள வானிலைத் துறை பருவக் கணிப்பை வெளியிடும். பருவக் கணிப்புகளில் பொதுவாக மழை ‘இயல்புக்கு மேல்’, ‘இயல்பு’, ‘இயல்புக்குக் கீழ்’ என்று மூன்று கூறாக இருக்கும். எதுவும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் 33 விழுக்காடு வாய்ப்பு. ‘இயல்புக்குக் கீழ்’ 45 விழுக்காடு என்று வந்தால், வறட்சி உறுதி என்று பொருளல்ல. பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சாய்வை வைத்து இன்னொரு தொட்டி வாங்கலாம். மகள் திருமணத்துக்கு மழையில்லாத நாளைப் பார்க்க முடியாது.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ என்ற பெயர் கேட்டவுடன் பயப்படவும் வேண்டாம். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் அது பெரும்பாலும் வறட்சியைக் கொண்டுவருகிறது. நம் தீவுக்கு அது அவ்வளவு நேரான கணக்கல்ல, ஏனென்றால் அருகே கடந்துபோகும் ஒரு புயலே பருவத்தைத் தலைகீழாக்கிவிடும். 2023–24 எல் நினோ கோடையில் சாம்பியாவிலும் சிம்பாப்வேயிலும் பயிர்கள் கருகின. அதே கோடையில், 2024 ஜனவரி 15 அன்று, பெலால் புயலில் போர்ட் லூயி மூழ்கியது. எனவே பருவக் கணிப்பைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது ஏப்ரல் இறுதியில் மார் ஓ வாக்குவாவின் நிரப்பு விழுக்காடு. நீர்த்தேக்க நிலவரம் செய்திகளில் வருகிறது. ஏப்ரல் முடிவில் அது பாதியைத் தாண்டவில்லை என்றால் அக்டோபர் கடினம் என்று வைத்துக்கொண்டு மே மாதமே தயாராகுங்கள்.

தொட்டிக் கணக்கு எளிது. தாராளமாகப் புழங்கினால் ஆளுக்கு நாளுக்கு 150 லிட்டர்; ஆறு பேருக்கு 900. உங்கள் தொட்டி ஒரு நாளில் காலி. வாளியில் குளித்து, துணியைச் சேர்த்துவைத்துத் துவைத்து ஆளுக்கு 70 லிட்டரில் நிறுத்தினால் இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரும். தினமும் மூன்று மணி நேரம் வரும்வரை இது போதும்; ஒருநாள் விட்டு ஒருநாள் என்றானால், மூத்தவர் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு 1,000 லிட்டர் அவசியம். அதைக் கூரையில் ஏற்றாதீர்கள். நிரம்பிய தொட்டி ஒரு டன் எடை. கீழே வைத்துச் சிறிய பம்பு போடுங்கள். அதற்கு முன், ஒரு நாள் காலையில் தண்ணீர் வரும்போது, தொட்டி நிரம்பிய பின் எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்துவைத்து, தண்ணீர் நிற்குமுன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் மிதவை வால்வோ நிலத்தடிக் குழாயோ ஒழுகுகிறது.

மொட்டைமாடி இருந்தால் அதுவும் ஒரு நீர்பிடிப்புதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் சேதம் போக 1,600 லிட்டராவது கிடைக்கும். முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். மீதி தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் ஆகும், குடிக்க வேண்டாம்.

தோட்டத்தில் கத்தரியைப் பற்றிக் கவலையில்லை, தாங்கும். தக்காளிக்கு நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் பழம் வெடிக்கும்; கொஞ்சமாக, தவறாமல் ஊற்றுங்கள். வேர்ப்பகுதியில் கரும்புச் சோகையை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ஊற்றுமுன் சோகையை விலக்கி மண்ணில் விரலை விடுங்கள். இரண்டாம் கணு வரை ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். அரிசி, காய் கழுவிய நீர் எல்லாச் செடிக்கும் ஆகும். சோப்புத் தண்ணீரைக் கீரையில் ஊற்றாதீர்கள். புதிய கீரை விதைப்பை அக்டோபரில் நிறுத்தி, மேட்டில் மழை பிடித்த பிறகு தொடங்குங்கள்.

தண்ணீர் சேர்க்கும் எந்தப் பாத்திரத்துக்கும் மூடி வேண்டும், மூடியில்லாத பீப்பாய்க்கு இறுகக் கட்டிய வலை. சிக்குன்குன்யா நம் தீவை 2006-இலும் 2025-இலும் படுத்திய பாட்டை உங்கள் மாமியார் நன்றாக அறிவார்கள். வாளிகளை வாரம் ஒருமுறை கவிழ்த்து, உட்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது.