சென்னையில் ஒரு வீடியோ எடிட்டர் எவ்வளவு சம்பாதிக்கிறார்? அந்தச் சம்பளத்தை எவை தீர்மானிக்கின்றன?

கேள்வி கேட்டவர் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு மாணவர் என்றும், வளசரவாக்கத்தில் உள்ள ஒரு நிறுவனம் மாதம் 15,000 ரூபாய்க்கு அழைத்திருப்பதாகவும், இந்தத் தொழிலை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா என்று வீட்டில் கேட்பதாகவும் எழுதியிருக்கிறார். திருமணப் படங்களில் தொடங்கி, தொலைக்காட்சி, விளம்பரம், யூடியூப் என்று இதே நகரத்தில் எடிட்டிங் செய்துவருபவன் என்ற முறையிலும், இப்போது சில இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலை வாங்குபவன் என்ற முறையிலும், நான் வாங்கியும் கொடுத்தும் அறிந்த தொகைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் புதிதாக வேலைக்குச் சேரும் எடிட்டருக்கு மாதம் 12,000 முதல் 20,000 ரூபாய் வரை கிடைக்கிறது. யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து ஒப்படைப்பது வரை தனியாக முடித்துத் தரக்கூடியவர், பொதுவாக மூன்று நான்கு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, 30,000 முதல் 50,000 வரை வாங்குகிறார். விளம்பரப் பட நிறுவனங்களிலும் பெரிய டிஜிட்டல் நிறுவனங்களிலும் மூத்த எடிட்டர்களாக இருப்பவர்கள் 70,000 முதல் ஒரு லட்சம் வரையிலும், சிலர் அதற்கு மேலும் பெறுகிறார்கள். ஃப்ரீலான்ஸாகச் செய்பவர்களின் வருமானத்தை மாதக் கணக்கில் பார்ப்பதில் பயனில்லை. ஒரு மாதம் ஒரு லட்சம் வரும், அடுத்த மாதம் வாடகைக்கே தட்டுப்பாடாக இருக்கும், எனவே ஆண்டு முழுவதும் வந்ததைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் புரியும்.

இத்தனை பெரிய இடைவெளிக்கு மென்பொருள் அறிவுதான் காரணம் என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். பிரீமியர் புரோ, ஃபைனல் கட், அவிட், டாவின்சி ரிசால்வ் ஆகிய எல்லாவற்றிலும் அடிப்படை வேலை ஒன்றுதான். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பைக் கொண்டே ஒரு திருமணப் படத்தை முழுமையாக முடித்துவிடலாம். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுக்கு யாரும் கூடுதல் பணம் தரமாட்டார்கள். நான் பார்த்த வரையில், எத்தனை முடிவுகளை எடிட்டரின் பொறுப்பில் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே சம்பளம் ஏறுகிறது.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஒரு நெசவு நிறுவனத்தின் உரிமையாளர் தம் தொழிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதைப் பதிவு செய்து, மூன்று நிமிட அறிமுகப் படமாக்கித் தரச் சொன்னார்கள். அவர் தயாரித்து வைத்திருந்த பேச்சு முழுவதும் தரம், நம்பிக்கை, வாடிக்கையாளர் என்று எல்லோரும் சொல்வதாகவே இருந்தது. பேட்டி முடிந்ததாக எண்ணி மைக்கைக் கழற்றப் போகும் இடத்தில், தம் தந்தை கடனுக்காக முதல் தறியை விற்றதையும் அதே தறியைப் பிற்காலத்தில் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்கியதையும் அவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் பணியாற்றும் பெண் அந்த ஒரு மணி நேரத்தையும் விடாமல் கேட்டு, அந்தச் சில வாக்கியங்களை எடுத்துப் படத்தின் தொடக்கத்தில் வைத்தார். அந்த வாடிக்கையாளர் அடுத்தடுத்த வேலைகளையும் எங்களிடமே கொடுத்ததற்கு அந்தத் தொடக்கமே காரணம். எந்த நொடியில் வெட்ட வேண்டும் என்று யாராவது எழுதித் தர அதன்படி வெட்டுபவருக்கும், ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு படத்தைக் கண்டெடுத்துத் தருபவருக்கும் இடையில்தான் 20,000 ரூபாய்க்கும் 60,000 ரூபாய்க்குமான வேறுபாடு இருக்கிறது.

அடுத்த காரணம் எந்தத் துறை என்பது. செய்தித் தொலைக்காட்சிகளில் மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, ஷிஃப்ட் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும்; சம்பள உயர்வு மட்டும் மெதுவாக வரும். தொடர்களில் எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். தினமும் ஒளிபரப்பாகும் தொடர் என்பதால் வேலை தடையின்றி வரும், உடல்நலம் சரியில்லை என்றாலும் அன்றைய எபிசோடைக் கொடுத்தே ஆக வேண்டும்.

திரைப்படத்தில் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே மாதச் சம்பளம் கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு தொகை பேசி, அட்வான்ஸ், படப்பிடிப்புக் காலம், எடிட் லாக் (படத்தொகுப்பு இறுதியாவது), வெளியீடு என்று தவணைகளாகக் கொடுப்பார்கள். ஒரு படம் ஓராண்டு இழுத்தாலும் தொகை மாறாது, படம் வெளிவராமல் நின்றுபோனால் கடைசித் தவணையை மறந்துவிட வேண்டியதுதான். பல எடிட்டர்கள் தம் உதவியாளர்களுக்கு இந்தத் தொகையிலிருந்தே கொடுக்க வேண்டியிருப்பதால், உதவி எடிட்டர்கள் பேட்டாவும் (தினப்படியும்) சிறு தொகையுமாகச் சில ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். பெப்சி எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனத்தில் எடிட்டர்களுக்கும் தனிச் சங்கம் உண்டு. திரைப்படத்தில் நிலைக்க விரும்புபவர் உறுப்பினராவதற்கான விதிகளையும் கட்டணத்தையும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்பு தனிப் பட்டப் படிப்பாகவே இருக்கிறது. அங்கே இயக்கப் பிரிவில் படிக்கும் மாணவர், பிற்காலத்தில் தம் முதல் படத்துக்கு எடிட்டராக அழைப்பது பெரும்பாலும் தம்முடன் அங்கே படித்தவரைத்தான் என்பதால், படிப்பைக் காட்டிலும் அந்தத் தொடர்பே வருமானத்தை நிர்ணயிக்கிறது என்று சொல்வேன்.

திருமணப் படங்களைப் பலரும் தாழ்வாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் மிக அதிகமான எடிட்டர்களுக்குச் சோறு போடும் வேலை அதுதான். ஆனால் அந்த வருமானம் பஞ்சாங்கத்தோடு கட்டப்பட்டது. தை, வைகாசி, ஆவணி மாதங்களின் முகூர்த்த நாட்களில் ஒரே நேரத்தில் பல ஸ்டூடியோக்களிலிருந்து ஹார்ட் டிஸ்க்குகள் வந்து குவியும். ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லாததால், அவற்றை அடுத்து வரும் வாரங்களில் மேசை காலியாகிவிடும். ஒரு திருமணத்தின் முழு நீளப் படமும் ஹைலைட்ஸும் சேர்த்து எடிட்டருக்கு 6,000 முதல் 15,000 வரை கிடைக்கிறது. அந்தத் தொகை நல்லதா, கெட்டதா என்பது ஃபுட்டேஜின், அதாவது கேமராவில் பதிவாகி வந்த காட்சிகளின், அளவைத் தெரிந்துகொண்டால்தான் புலப்படும்.

விலை பேசும்போது பெரும்பாலோர் முடிவில் வரப்போகும் வீடியோவின் நீளத்தையே கேட்கிறார்கள், வேலையின் அளவோ வந்துசேரும் ஃபுட்டேஜில் இருக்கிறது. கிணறு வெட்டுபவர் ஆழத்தைக் கேட்காமல் கூலி பேசமாட்டார். எடிட்டரும் ஃபுட்டேஜ் எத்தனை மணி நேரம், எத்தனை கேமரா, ஒலி தனியாகப் பதிவானதா என்று கேட்காமல் விலை சொல்லக் கூடாது. ஒரு யூடியூப் பேட்டியை எடுத்துக்கொள்வோம். வெளிவரும் வீடியோ 15 நிமிடம், பேசிய தொகை 2,500 ரூபாய். இரண்டு கேமராவில் பதிவான 80 நிமிடப் பேச்சைச் சிங்க் செய்து (படத்தையும் ஒலியையும் பொருத்தி), முழுவதும் கேட்டு, வெட்டி, இரைச்சலை நீக்கி, வண்ணம் சரிசெய்து, எழுத்துகள் சேர்க்கப் பத்து மணி நேரம் ஆகிறது. கரெக்‌ஷன் இரண்டு முறை வந்தால் இன்னும் இரண்டரை மணி நேரம். ஆக, மணிக்கு 200 ரூபாய். இதிலிருந்து கணினியின் தேய்மானத்தைக் கழிக்க வேண்டும்: ஒன்றரை லட்சம் ரூபாய்க் கணினி நான்கு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால், மாதம் 3,125 ரூபாய் அதற்கே போகிறது. மின்சாரம், இணையம், மென்பொருள் சந்தா, ஃபுட்டேஜைப் பாதுகாக்க வாங்கும் ஹார்ட் டிஸ்க்குகள் ஆகியவை தனி. மாதச் சம்பளத்துக்குப் போகிறவருக்கு இந்தச் செலவுகளை நிறுவனமே ஏற்கிறது என்பதையும் ஒப்பிடும்போது மறக்கக் கூடாது.

யூடியூப் சேனல்கள் கொடுக்கும் தொகை ஏன் இப்படி மேலும் கீழுமாக இருக்கிறது என்று கேட்பவர்கள், சேனலுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நீண்ட வீடியோக்களின் விளம்பர வருவாயில் 55 சதவீதத்தையும், ஷார்ட்ஸில் சேனலுக்கென ஒதுக்கப்படும் வருவாயில் 45 சதவீதத்தையும் யூடியூப் சேனலுக்குத் தருகிறது. முதலீடு, காப்பீடு, நிலம் பற்றிப் பேசும் சேனலுக்கு விளம்பரதாரர்கள் அதிகம் கொடுப்பார்கள். அதே எண்ணிக்கையில் பார்வைகள் பெறும் நகைச்சுவைச் சேனலுக்கு அவ்வளவு வராது. எனவே முதல் வகைச் சேனலின் உரிமையாளரிடம் ஒரு வீடியோவுக்கு 5,000 கேட்கலாம், இரண்டாவது வகையினரால் மனமிருந்தாலும் அதைக் கொடுக்க முடியாது. ரீல்ஸ் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று வருபவர்களும் இருக்கிறார்கள், 1,500 கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 300 ரூபாய் வேலையை நாள் முழுவதும் செய்துகொண்டிருந்தால், 1,500 ரூபாய் கொடுப்பவரைத் தேட நேரமே கிடைக்காது.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் மணிக்கு 15 அல்லது 20 டாலர் தருவதை நம் இளைஞர்கள் ஆசையோடு பார்க்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் ஃப்ரீலான்ஸ் வேலைகளுக்கான ஃபைவர் தளத்தில் 20 சதவீதம் தளத்துக்குப் போய்விடும், நேர வேறுபாட்டால் இரவில் விழித்திருக்க வேண்டும், தடுமாற்றமில்லாத ஆங்கிலம் வேண்டும். இவற்றுக்குத் தயாராக இருப்பவருக்கு, மதுரையிலோ திருநெல்வேலியிலோ வீட்டிலிருந்தபடியே சென்னைச் சம்பளத்தைவிட அதிகம் ஈட்ட வாய்ப்பு இருக்கிறது. ப்ராக்ஸி கோப்புகளை (ஃபுட்டேஜின் எடை குறைந்த நகல்களை) இணையத்தில் அனுப்பி வேலை செய்யும் வழக்கம் பரவிய பிறகு ஊர் ஒரு தடையாக இல்லை.

எடிட்டிங்குடன் வேறு எது தெரிந்தால் சம்பளம் கூடும் என்றால், முதலிடம் ஒலிக்கு. கலர் கிரேடிங் (வண்ணங்களைச் சீரமைப்பது), மோஷன் கிராபிக்ஸ் (அசையும் வரைகலை) ஆகியவற்றைக் கற்க எல்லோரும் ஓடுகிறார்கள். பேச்சின் இரைச்சலை நீக்கி, இசையைச் சரியான அளவில் அமைக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இரண்டாவது, தமிழ். மௌனங்களை வெட்டுவதையும் தானாக எழுத்துகள் போடுவதையும் இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்கின்றன. அவற்றை மட்டுமே செய்துகொண்டிருந்தவர்களின் வருமானம் குறைந்துவருவதை என் கண்ணெதிரே பார்க்கிறேன். ஆனால் அந்தக் கருவிகள் வட்டார வழக்கைக் கேட்டுத் தவறாக எழுதுகின்றன, ல, ள, ழ பேதத்தில் தடுமாறுகின்றன. ஒரு வங்கியின் விளம்பரத்தில் ஒற்றுப்பிழை வந்தால் அது எவ்வளவு பெரிய தலைவலி என்பதை அறிந்த நிறுவனங்கள், பிழையின்றித் தமிழ் எழுதத் தெரிந்த எடிட்டரை விடுவதில்லை.

பணம் கைக்கு வரும் விதத்தையும் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். வேலை தொடங்குமுன் பாதித் தொகை அட்வான்ஸ், கரெக்‌ஷன் இரண்டு முறை வரைதான், மீதித் தொகை வந்த பிறகே வாட்டர்மார்க் இல்லாத வீடியோ என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ரீலான்ஸர்கள், சிறு தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பதிவு செய்த சிறு தொழில் முனைவோருக்கு, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வாங்குபவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் 10 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டே பணம் தரும். வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரிக்கு மேல் பிடித்தது திரும்பக் கிடைக்கும். வருமான வரி விதிகளில் திரைக் கலைஞர் என்ற வரையறைக்குள் எடிட்டரும் இருப்பதால், மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறையைப் பயன்படுத்த முடியுமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இது தெரியாமல் ஆண்டுதோறும் தம் பணத்தை விட்டுவிடும் எடிட்டர்கள் ஏராளம்.

இனி அந்த 15,000 ரூபாய் வேலைக்கு வருகிறேன். சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் போக அதில் எதுவும் மிஞ்சாது என்பதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த நிறுவனத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை வீடியோ முடிக்க வேண்டும், என் வேலையைப் பார்த்துத் திருத்துபவர் யார், முடித்த வீடியோக்களை என் ஷோரீலில் (என் வேலைகளின் மாதிரித் தொகுப்பில்) வைத்துக்கொள்ளலாமா. அனுபவமுள்ள எடிட்டர் ஒருவர் அதே அறையில் உட்கார்ந்து உங்கள் ரஃப் கட்டை (முதல்கட்டத் தொகுப்பை) பார்த்துக் காரணம் சொல்வார் என்றால், ஓராண்டுக்கு அந்தச் சம்பளத்தை ஏற்கலாம், ஆண்டு முடிவில் 25,000 கேட்கலாம். ஒரே டெம்ப்ளேட்டில் நாளொன்றுக்கு ஐந்தாறு ரீல்ஸ் போட்டுத் தரும் வேலை என்றால், வேறு இடம் கிடைக்கும் வரை மட்டும் அங்கே இருங்கள். வேறு வேலை தேடுவதை, அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.